பழைய கையெழுத்து

கார் அவள் பெயரில் இருந்தது, ஓட்டியதெல்லாம் அவர்தான். வாங்கிய புதிதில், "உன் பேர்லயே இருக்கட்டும், அதான் ராசி" என்று சொன்னதும் அவரே. விவாகரத்துக்காகக் கோர்ட்டு, வக்கீல் என்று அலைந்து வீட்டைக் காலி செய்து, கட்டில் முதல் கரண்டிவரை பிரித்தாகிவிட்டது. இந்தக் கார்தான் மிச்சம். வாங்கும் ஆளையும் அவரே பிடித்திருந்தார். நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று போனில் சொன்னார். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள்.

வண்டிப் பதிவு அலுவலகத்தில் மின்விசிறி ஏதோ கடமைக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் இருந்த அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அவள் போட்ட கையெழுத்தையும் பழைய பதிவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாரும்மா போட்டது?"

"நான்தான்."

"பழசுல வேற மாதிரி இருக்கே."

ஆஸ்பத்திரி ரசீதுகளில் போட்டுப் போட்டு அவள் கையெழுத்து தேய்ந்து, ஒரு கோடும் ஒரு புள்ளியுமாக ஆகியிருந்தது. பழையதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்டாள். அந்த அம்மாள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, பார்த்து எழுதக் கூடாது, உட்கார்ந்து நினைவுபடுத்திப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று புதுப் படிவம் ஒன்றையும் வெற்றுத்தாள் ஒன்றையும் தள்ளினாள். காரை வாங்க வந்த ஜவுளிக்கடைக்காரர், ஆள் அசல், கையெழுத்துதான் டூப்ளிகேட் என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார். அவர் மனைவி முழங்கையால் இடித்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதி எழுதிப் பார்த்தாள். கை அந்தப் பக்கமே போக மறுத்தது. வாசலில் போன் பேசிக்கொண்டிருந்த முன்னாள் கணவர் வந்து, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மொத எழுத்தப் பெருசாப் போடுவ. சுழிச்சுக்கிட்டே வந்து என் பேரோட எழுத்துல முடிப்ப. கீழ ரெண்டு கோடு." சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டினார். "எதுக்கு ரெண்டுன்னு கேட்டா, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்குன்னு சொல்லுவ."

"நான் அப்படியா சொன்னேன்?"

"சொன்ன."

அவர் குரலில் குத்தலும் இல்லை, குழைவும் இல்லை. மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவதுபோல் சொன்னார். ஆஸ்பத்திரியில் பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் மரத்துப்போன உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்படி அவள் தன் மனசைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. ஆனால் வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் போட்டுக் காட்டியதைப் பார்த்து நாலைந்து முறை எழுதினாள். பிறகு படிவத்தில் போட்டாள், பெரிய எழுத்து, சுழி, அவருடைய எழுத்து, இரண்டு கோடு. கூண்டுக்குள் இருந்த அம்மாள் பார்த்துத் தலையாட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

அவர் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தார். இடது பின்கதவை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் அடித்துச் சாத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து, "வரேன்" என்றார். அவள் "சரி" என்றாள். அவர் ரோட்டைக் கடந்து ஒரு ஆட்டோவில் ஏறிப் போனார்.

கடைக்காரரின் மனைவி விடவில்லை. வெயிலில் எங்கே நடக்கப் போகிறீர்கள், போகிற வழியில் இறக்கிவிடுகிறோம் என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. பின்சீட்டில் ஏறினாள். அந்தக் காரின் பின்சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. முன்னால் அந்தப் பெண் இருக்கையைத் தள்ளி, கால் நீட்டி, டாஷ்போர்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் வழி கேட்டார். நேராகப் போங்கள் என்றாள், பிறகு இடது பக்கம், மருந்துக்கடை தாண்டி வலது பக்கம், பச்சைக் கேட்டு.

வண்டி நின்றதும் இறங்கினாள். கதவை அடித்துச் சாத்தினாள். பற்றாமல் மறுபடி சாத்தினாள். கேட்டில் கை வைத்த பிறகுதான் மாடியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டைகள் காய்வது தெரிந்தது. அவரோடு குடியிருந்து காலி செய்துவிட்டுப் போன பழைய வீட்டுக்கே வழி சொல்லியிருந்தாள்.

"நல்ல வீடா இருக்கே" என்றாள் அந்தப் பெண், கண்ணாடியை இறக்கி.

"ம்" என்றாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.