ஒரு டஜன் பச்சைச் சிப்பி

நண்டுக் காலை இரண்டாக உடைத்து, உள்ளே இருந்த சதையை முள்கரண்டியால் நெம்பிக்கொண்டிருந்தாள் வெர்லீன். எதிரே அவள் புருஷன் ஆல்சைட் தட்டைத் தொடவே இல்லை. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை, அதற்குள் ராச்சாப்பாடு. அமெரிக்கக் கடற்கரை ஊரான பிலாக்சியின் கிழடுகளெல்லாம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே சூதாட்ட விடுதிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கூட்டம் சேருவதற்குள் தின்றுவிட்டு மெஷின்களுக்குப் போய்விடும்.

"இது நண்டா? எந்தக் கடல்ல எப்பச் செத்துச்சோ. ஐஸுல போட்டு இழுத்துட்டு வந்திருக்கான்" என்றான் ஆல்சைட். ஆயுசு முழுக்க இந்த வளைகுடாவில் இறால் படகு ஓட்டியவன். வாராவாரம் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டான்.

"என் சூதாட்டக் கார்டுல வர்ற ஓசிச் சோறு. மூடிட்டுத் தின்னு."

"ஓசியா? அந்த மெஷினுக்கு நீ கொட்டி அழுததுக்கு அவன் போடற பிச்சை."

பரிமாறும் பெண் டோனெட் தேநீர் ஊற்ற வந்தாள். ஆல்சைட் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "கண்ணு, எனக்கு ஒரு டஜன் பச்சைச் சிப்பி."

டோனெட் வெர்லீனைப் பார்த்தாள். இதுவும் வாராவாரம் நடப்பதுதான். ஈரல் கெட்டவன் வேகாத பச்சைச் சிப்பி தின்றால் அதிலுள்ள கிருமியில் பிழைக்க மாட்டான், அதிலும் கடல் கொதிக்கிற கோடையில். அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். டாக்டரும் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அவன் கேட்பான், அவள் கூடாது என்பாள், அவன் திட்டிக்கொண்டே பொரித்த மீனைத் தின்பான்.

"அவ மூஞ்சிய ஏன் பாக்கற? அவ பொண்டாட்டி இல்ல, ஜெயில் வார்டன். நான் சாகறதுன்னாலும் அவகிட்ட உத்தரவு வாங்கணும்."

பக்கத்து மேசைக் கிழவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மேசையைத் தட்டியே சிரித்தான்.

வெர்லீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "கொண்டா ஒரு டஜன்."

"அம்மா, ஐயாவுக்குத்தான்..."

"எனக்குத்தான். போ."

ஐஸ் மேல் பரப்பிய சிப்பிகள் வந்தன. டோனெட் அந்தப் பக்கம் போனதும் வெர்லீன் தட்டை அவன் முன்னால் தள்ளினாள்.

"தின்னு."

ஆல்சைட் தட்டைப் பார்த்தான். எலுமிச்சையை எடுத்து மெதுவாகப் பிழிந்தான். காரச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டான். நடுநடுவே அவளைப் பார்த்தான். பக்கத்து மேசையும் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திட்டிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். அதற்குத்தான் நேரம் கடத்துகிறான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் அடுத்த நண்டுக் காலை எடுத்து உடைத்தாள்.

அவன் ஒன்றுவிடாமல் தின்றான். "உப்பு கம்மி" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்குக் குளிர்க் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று வெர்லீன் கேட்டதற்கு, "உன் வேலையப் பாரு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். விடிந்தபோது கால் கறுத்துக் கொப்புளம் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் உச்சிவேளைக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மொபீல் நகரத்திலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்த மகள் கொரின் செத்த முகத்தைத்தான் பார்த்தாள்.

பெண் டாக்டர் அறைவாசலில் அவர்களை நிறுத்தினாள். "ரெண்டு மூணு நாளுக்குள்ள பச்சைச் சிப்பி ஏதாவது சாப்பிட்டாரா?"

"வாய்ப்பே இல்ல டாக்டர்" என்றாள் கொரின். "எங்கம்மா விடாது. காவல் நாய் மாதிரி பக்கத்துலயே இருக்கும்."

வெர்லீன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். மகளே சந்தேகத்துக்குக் கதவைச் சாத்திக் கொடுத்துவிட்டாள்.

"தின்னாரு" என்றாள். "வெள்ளிக்கிழமை. ஒரு டஜன்."

கொரின் திரும்பினாள். "யாரு குடுத்தா?"

"நான்தான்."

"அப்பா கேட்டாரா?"

"அவரு எப்பத்தான் கேக்கல?"

"அப்புறம் ஏம்மா குடுத்த?"

"அவரு வாய அடைக்க."

டாக்டர் தரையைப் பார்த்துவிட்டு, வருந்துகிறேன் என்று முனகி நகர்ந்தாள். கொரின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா என்று தேடுவதுபோல இருந்தது. வெர்லீன் அழவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் தார் இளகிக் கிடந்தது. வெர்லீன் முன்கதவைத் திறந்தாள்.

"பின்னாடி ஏறு" என்றாள் கொரின்.

வெர்லீன் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். கார் கடற்கரைச் சாலையில் ஓடியது. வண்டிக்குள் அனலடித்தது. கொரின் ஏசியைப் போடவில்லை, வெர்லீன் கேட்கவுமில்லை.

ஒரு சிக்னலுக்கு முன்னால் லாரி ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. கொரின் பிரேக்கை மிதித்தாள். அவளுடைய வலது கை தானாகப் பாய்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை முன்னால் சாயாமல் தாங்குவதுபோல, ஆளில்லாத இருக்கைக்குக் குறுக்கே நீண்டது.

பச்சை விழும்வரை அந்தக் கை அங்கேயே நின்றது.