சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடத்தான் வீரராகவன் நினைத்திருந்தான். அது அவன் அப்பா வாங்கிய ஆஸ்டின். இருபத்தெட்டாம் வருஷத்து வண்டி, கித்தான் கூரையை மடக்கி விரிக்கலாம். கோவில்பதாகையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில், தகரம் வேய்ந்த ஷெட்டில் நான்கு வருஷமாக நின்றது. ஊரில் எல்லாருக்கும் அது செத்த வண்டி. அப்பா அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

காரணம் பட்டாளம். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, ஓடுகிற வண்டிகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு வந்தது. இஞ்சின் வெடித்துவிட்டது என்றார் அப்பா. கணக்கெடுக்க வந்தவனிடம் மட்டும் சொன்னால் போதாது, ஊரே நம்பினால்தான் பொய் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். ஷெட்டுக்கு முன்னால் வைக்கோல் போர் போட்டார். உள்ளே வண்டியைச் சுற்றி வரட்டி அடுக்கினார்.

ஆனால் ஆயுத பூஜையை அவரால் விட முடியவில்லை. சந்தனம் குங்குமம் வைப்பது பெரிய காரியமில்லை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கிளப்பி, அதன்மேல் ஏற்றி இறக்க வேண்டும். பழம் நசுங்காமல் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்று பயந்தார். அதனால் ஒவ்வொரு வருஷமும் ஆட்களுக்குப் பொரியும் கடலையும் கொடுத்து அனுப்பிவிட்டு, கிணற்று ஆயில் இஞ்சினை ஓடவிடுவார். அந்தச் சத்தத்துக்குள் ஷெட் கதவை மூடிக்கொண்டு காரைக் கிளப்புவார். கைப்பிடி போட்டுச் சுற்றுவது வீரராகவன். ஒரு முழம் முன்னால், ஒரு முழம் பின்னால். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு இருவரும் புகையில் இருமிக்கொண்டு வெளியே வருவார்கள்.

நாற்பத்து மூன்றில், பூஜைக்கு மறுநாள் சாயங்காலம், பண்ணையாள் வேம்புலி கொல்லை வாசலில் வந்து நின்றான். அவன் பெண்டாட்டி ராஜம்மாவுக்கு முந்தின நாளிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். கார் கிடைக்குமா என்று அவன் கேட்கவில்லை. கார் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்கிற மாதிரிதான் பேசினான். வண்டி செத்துக் கிடக்கிறதே என்றார் அப்பா. வேம்புலி அவரைத் தாண்டி வீரராகவனைப் பார்த்தான்.

"ஆமா வேம்புலி. உள்ள ஒண்ணும் இல்ல" என்றான் வீரராகவன்.

மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். ஆவடி ரயில்வே கேட்டு மூடுவதைத் தூரத்திலிருந்தே பார்த்தார்களாம். பட்டாபிராமிலிருந்து வந்த ராணுவக் கூட்ஸ் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டிருந்தது. கேட்டு திறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லாமல் போயிற்று. தாயும் பிள்ளையும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

வேம்புலி அதற்குப் பிறகும் இவர்கள் நிலத்தில்தான் வேலை செய்தான். அப்பா இந்தத் தை மாதம் செத்துப்போனார். சாகும்வரை அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீரராகவனும் கேட்கவில்லை. ஷெட்டைத் தாண்டிக் கிணற்றுக்குப் போகும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தான்.

இரும்புக்குப் போடுகிற யோசனையைக் கெடுத்தது அவன் மனைவி தாட்சாயிணி. கல்யாணமாகி இரண்டு வருஷம். வண்டி ஓடும் என்பது அவளுக்குத் தெரியும், ராஜம்மா விஷயம் தெரியாது. சண்டை முடிந்தும் புது வண்டி வரவில்லை, பட்டணத்தில் ஓட்டை வண்டிக்கே அடித்துக்கொள்கிறார்கள் என்று அம்பத்தூரில் இருக்கிற அவள் அண்ணன் சொன்னானாம். அவனே மவுண்ட் ரோடு மோட்டார் தரகர் ஜானகிராமனை ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டான்.

வீரராகவன் தன்னால் முடிந்ததைச் செய்தான். முதல் நாளே தனியாக வைக்கோலையும் வரட்டியையும் ஒதுக்கி உள்ளே போய்ச் சந்தனப் பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்தான். டாங்கியில் இருந்த பெட்ரோலை வடித்துச் சாக்கடையில் ஊற்றினான். ஞாயிறு விடியும் முன் பூசணிக்காய் பாரம் ஏற்றி வேம்புலியைப் பூந்தமல்லிக்கு அனுப்பினான். ஒரு வண்டியை விற்க யாரும் இப்படி ஏற்பாடு செய்யமாட்டார்கள். திருடன்தான் செய்வான்.

ஜானகிராமன் கையில் ஒரு பெட்ரோல் டப்பாவோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார். நாற்பது வயது, காக்கி நிஜார், வாயில் ஓயாத பேச்சு. பானெட்டைத் திறந்து மோந்து பார்த்தார். எண்ணெய் பார்க்கும் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. வீரராகவனுக்கு அதை வடிக்கத் தோன்றவில்லை. கைப்பிடியைப் போட்டு அரைச் சுற்றுச் சுற்றினார். இஞ்சின் எதிர்த்துத் தள்ளியது.

"நல்லா அமுக்கம் இருக்கே சார். வெடிச்ச இஞ்சின்னு சொன்னீங்க?"

அப்பா அப்படித்தான் சொன்னார், எனக்கு மோட்டார் பற்றி ஒன்றும் தெரியாது என்று வீரராகவன் முணுமுணுத்தான். அடியில் படுத்துச் சட்டத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருட்டில் ஆகாது, வெளியே தள்ளுங்கள் என்றார் ஜானகிராமன். தோட்டத்தில் வேறு ஆள் இல்லை, இங்கேயே பாருங்கள் என்றான் இவன். அந்த நேரத்தில்தான் தாட்சாயிணியின் குரல் கேட்டது. வேம்புலி திரும்பிவிட்டிருந்தான். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் ஒரு மாடு நொண்டிவிட்டது. அவள் அவனைக் கையோடு ஷெட்டுக்கு அழைத்து வந்தாள்.

வேம்புலி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் கையை வைத்தான். மூன்று பேரும் தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டு வெயிலுக்கு வந்தது. ஜானகிராமன் சக்கரம் நின்றிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி ஒட்டிய தோல்கள். அடியில் இருந்தது கரி மாதிரி. மேலே இருந்ததில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. நான்கு சக்கரத்துக்கும் அப்படித்தான்.

அவர் சிரித்துவிட்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார். செத்த வண்டிக்கு வருஷா வருஷம் பழம் நசுங்குமா?"

"தள்ளித்தான் ஏத்துவோம். சாஸ்திரத்துக்கு."

"ஒரு டன்னு வண்டிய?" அவர் வேம்புலியைப் பார்த்தார். "நீயாப்பா தள்ளுவ?"

"நான் இந்த ஷெட்டுக்குள்ள வந்ததே இல்லீங்க" என்றான் வேம்புலி. "பூசை அன்னிக்கி எங்கள ஊட்டுக்கு அனுப்சிடுவாங்க."

அவன் தோல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னான்: "யாரும் தண்ணி கட்டல, இன்னாத்துக்கு ஆயில் இஞ்சின் ஓடுதுன்னு நெனச்சுக்குவோம்."

தாட்சாயிணி வீரராகவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேம்புலியைப் பார்த்தாள். ஏதோ நடக்கிறது என்று புரிந்து உள்ளே போய்விட்டாள்.

ஜானகிராமனுக்கு எதுவும் புரியவில்லை. அவருக்கு உற்சாகம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிளப்பிய வண்டி என்றால் விலையே வேறு என்றார். இரும்பு விலையைப் போல் எட்டு மடங்கு சொன்னார். ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி, இது நன்றாயிருக்கிறது, இது புதுசு மாதிரி இருக்கிறது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். அவர் புகழப் புகழ வீரராகவன் மறுத்தான். டயர் போய்விட்டது என்றான். கித்தானை எலி தின்றுவிட்டது என்றான். பாதி கொடுத்தால் போதும், ஓட்டிப் பார்க்க வேண்டாம், இப்படியே மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள் என்றான். ஜானகிராமன் நிமிர்ந்து அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"விக்கிறவர் விலைய கொறைக்கிறத இப்பதான் பாக்கறேன். வண்டி உங்களுதுதானே?"

வேம்புலி தலையைக் குனிந்தபடி நின்றான். சிரித்தானா என்று தெரியவில்லை.

டப்பாவிலிருந்து பெட்ரோல் ஊற்றினார்கள். சக்கரங்களுக்குக் காற்றடித்தார்கள். கைப்பிடி மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. இருமவில்லை, திணறவில்லை. கொல்லையில் கோழிகள் சிதறின. வீரராகவன் அந்தச் சத்தத்தை மூடிய கதவுக்குள் மட்டுமே நான்கு வருஷம் கேட்டிருந்தான். வெளியில் அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஆவடி கேட்டு வரை ஓட்டிப் பார்த்துவிட்டு விலை முடிக்கலாம் என்றார் ஜானகிராமன். வழியில் நின்றால் தள்ள ஒரு ஆள் வேண்டும், இவனும் வரட்டும் என்று வேம்புலியைக் காட்டினார். முன் சீட்டில் உட்காரச் சொன்னதற்கு அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். ஃபுட்போர்டில் ஏறி, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீரராகவன் பின் சீட்டில் உட்கார்ந்தான். உரிமையாளன் இல்லாமல் ஓட்டமாட்டேன் என்று தரகர் சொல்லிவிட்டார்.

கிளம்பும் முன் வேம்புலி மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பண்ணை வீட்டார் எதிரில் அவன் இதுவரை வெற்றிலை போட்டதில்லை. அந்த ஊரில் அவன் சேரியிலிருந்து யாருமே அவர்கள் எதிரில் போட்டதில்லை.

வண்டி ஏரிக்கரை ஓரமாகப் போனது. ஜானகிராமன் கியரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். வீரராகவனுக்கு முன்னால், ஒரு முழத்தில், கம்பியைப் பிடித்த கை இருந்தது. நகங்களில் சேறு. அந்தக் கையைத் தவிர அவனுக்குப் பார்க்க வேறு இடமில்லை. கண்ணை மூடினால் கோழைத்தனம் என்று தோன்றியது. திறந்தே வைத்திருந்தான், அதனால் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கேட்டு திறந்திருந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே ஜானகிராமன் வண்டியை நிறுத்தினார். வேம்புலி இறங்கினான். சாலையோரத்துப் புளிய மரத்தடிக்குப் போய் ஒரு கணம் நின்றான். வாயிலிருந்ததைத் துப்பினான். துப்பியது பச்சையாகவே இருந்தது.

"வெத்தல கூட செவக்கல சின்ன ஐயா" என்றான். "கேட்டு வந்துடுச்சு."

வீரராகவன் வாயைத் திறந்தான். அப்பாதான் சொன்னார் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. வாயை மூடிக்கொண்டான்.

"அந்த வருசமும் பூசை போட்டீங்களா?"

"போட்டோம்."

"மொத நாளு."

"ஆமா."

வேம்புலி தலையை ஆட்டினான். சந்தேகம் தீர்ந்தவன் மாதிரி. நான் நடந்தே வந்துடறேன் என்று தரகரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

இன்னா சமாசாரம் என்று ஜானகிராமன் கேட்டார். வண்டியை இப்படியே பட்டணத்துக்கு ஓட்டிக்கொண்டு போங்கள், பணத்தை மச்சானிடம் கொடுங்கள், என்ன கொடுத்தாலும் சரி என்றான் வீரராகவன். கதவைத் திறந்து இறங்கினான். அவர் இன்னும் ஏதோ கேட்டார். பிறகு, பைத்தியத்தோடு பேசி என்ன லாபம் என்கிற மாதிரித் தண்டவாளத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீரராகவன் வேம்புலிக்குப் பின்னால் நடந்தான். கிட்டப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. செருப்புச் சத்தம் வேம்புலிக்குக் கேட்டிருக்க வேண்டும். ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் அவன் நின்றான். சாலையை விட்டுக் கீழே இறங்கி, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கினான். பண்ணை வீட்டார் வந்தால் அப்படித்தான் வழி விடுவார்கள். பழக்கத்தில் செய்தானா, தெரிந்தே செய்தானா என்று முகத்தில் தெரியவில்லை.

நீ போ என்று வீரராகவன் கையைக் காட்டினான். வேம்புலி அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெகு நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள்.

கடைசியில் வீரராகவன் அவனைத் தாண்டி முன்னால் நடக்க வேண்டியிருந்தது. வீடு வரும்வரை பின்னால் அந்தக் காலடி கேட்டுக்கொண்டே வந்தது. வெறுங்கால். அவசரமில்லாத நடை.