லெவல் பார்த்தபோது பாடியது

1

இந்தக் கதையைக் கொடுத்தவர் ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். முடிவை நான் எழுதித் தர வேண்டும். அது கதைக்காக அல்ல, அவருக்கே தேவைப்பட்டது.

ஆஸ்பத்திரி கேண்டீனில் சந்தித்தோம். நான் வேறொருவருக்காகக் காத்திருந்தேன்; அது இந்தக் கதையில் வராது. எதிரில் இருந்தவரின் கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கியது. மடியில் லேப்டாப், திறக்காமல். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. என்ன வேலை என்று கேட்டேன். ஒலிப்பதிவு என்றார். என்னைக் கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன்.

"அப்ப பொய் சொல்றது உங்களுக்குக் கைவந்த கலை. எனக்கு ஒரு யோசனை சொல்லுங்க சார்."

கிண்டல் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அவள் பியானோவின் முன் அமர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது."

அடித்துவிட்டேன். மழை பெய்ததா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அடுத்து:

"குரல் என்பது உடலில் நம் கைக்கு எட்டாத ஒரே—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நான் மூடிவைத்துவிடுவது வழக்கம்.

நேராகவே சொல்கிறேன். அவருடைய அக்கா ஜாஸ் பாடகி. பியானோவும் அவளே வாசிப்பாள். தொண்டையில் புற்று. கதிர்வீச்சுக்குக் கட்டுப்படவில்லை. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு. கருவி வைத்தால் ஒருவகைப் பேச்சு வரலாம். பாட்டு வராது.

அதற்கு முன் ஒரு தனி ஆல்பம் செய்ய விரும்பினாள். குரல், பியானோ, வேறெதுவும் இல்லை. எதையும் எழுதிவைக்காமல், உட்கார்ந்த இடத்தில் தோன்றுவதைப் பாடுவது. வரிகள் கிடையாது. வெறும் அசைகள். பதிவு செய்வது தம்பி.*

* அடையாளம் தெரியக் கூடாது என்று ஒரு பிரதியில் அவரைக் கணவராக மாற்றிப் பார்த்தேன். கணவர் பொய் சொன்னால் வாசகர் உடனே இன்னொரு பெண்ணைத் தேடுகிறார். தம்பியாகவே விட்டுவிட்டேன்.

3

வீட்டு மாடியறை. மரத்தரை. ஜன்னல்களில் மெத்தைகளைச் சாய்த்திருந்தார்கள். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றியாயிற்று. கீழே ஃபிரிட்ஜை அணைத்தாயிற்று. கதவோரம் மேசை, அதன்மேல் பதிவுக் கருவி. அறையின் மறுகோடியில் பியானோ. அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பி மைக்கைக் கையில் பிடித்தபடி அவள் பக்கத்தில் நின்று, எந்த உயரத்தில் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சிய ஏன்டா இப்படி வெச்சிருக்க? ஆப்பரேஷன் உனக்கா எனக்கா?"

"பேசாம இரு அக்கா. தொண்டைய வீணாக்காத."

"சேத்து வெச்சு என்ன பண்ணப் போறேன்? திட்ட வேண்டியத எல்லாம் இந்த வாரமே திட்டி முடிச்சுடறேன். அப்பறம் உனக்கு ஆயுசுக்கும் நிம்மதி."

"ஏதாவது வாசி. லெவல் பாக்கணும்."

"ஒரு டேக்தான். ஞாபகம் இருக்கட்டும்."

"தெரியும்."

"ரெண்டாவது தடவ பாடினா அது காப்பியடிக்கிறது. அதுவும் எங்கிட்டேருந்தே."

லெவல் பார்ப்பது என்றால் ஒலி எவ்வளவு வலுவாக உள்ளே வருகிறது என்று சரிபார்ப்பது. அப்போது யாரும் பதிவுப் பொத்தானை அழுத்துவதில்லை. பாடுகிறவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். இருமுவார்கள். எதையாவது தட்டுவார்கள்.

அவளும் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினாள். அது அடங்குவதற்குள் அதன்மேல் குரலை வைத்தாள். பிறகு நிறுத்தவில்லை.

4

(இங்கே அந்தப் பாட்டு வர வேண்டும்.)

"குரல் தாழ்வாகத் தொடங்கி, ஏதோ படியிறங்குவதுபோல—" இல்லை.

"நோய் தின்ற இடங்களை எல்லாம் அவள் பயன்படுத்திக்கொண்டாள். கரகரப்பு வந்த இடத்தில் பியானோ—" இது பரவாயில்லை. ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டவர் ஒருவர்தான். அவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "மேல போனா சார். ரொம்ப வருஷமா அவ போகாத இடம். போய் அங்கயே நின்னா," என்றார்.

அவ்வளவுதான் இருக்கிறது. இந்தக் கதையிலும் அந்தப் பாட்டு இல்லை.

அவர் நின்ற இடத்தைப் பற்றி மட்டும் என்னால் எழுத முடியும். கையில் மைக். எதிரே, கதவோரத்தில் கருவி. அதன் பச்சை விளக்குகள் ஏறி இறங்குவது அங்கிருந்து தெரிந்தது. ஒலி உள்ளே போய்க்கொண்டிருந்தது. எதுவும் தங்கவில்லை. பொத்தானை அழுத்த அறையைக் கடக்க வேண்டும். மரத்தரை முனகும்.

முன்பு ஒருமுறை பதிவின் நடுவே யாரோ இருமினார்கள். அவள் பியானோவை மூடிவிட்டு எழுந்து போனாள். அந்தப் பாட்டு திரும்ப வரவே இல்லை.

"நடந்தா நின்னுடும். நடக்கலன்னா போயிடும். நீங்களா இருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

அவர் நடக்கவில்லை. மைக்கைக்கூட அசைக்கவில்லை. கை மரத்துப்போயிற்று. கடைசிச் சுரம் தேய்ந்து போகும்வரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

5

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய். வந்துச்சா?"

"வந்துடுச்சுக்கா."

"நிஜமா? லெவல்தான பாத்துட்டிருந்த?"

"நான் எப்பவும் மெஷின முன்னாடியே ஓட விட்ருவேன்."

"கள்ளப்பயலே," என்றாள். வாயெல்லாம் சிரிப்பு. அவர் தோளில் ஓங்கி ஓர் அடி. "போ, எனக்கு வெந்நீர் கொண்டா."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவ மூஞ்சி அப்படி இருந்துச்சு."

போட்டுக் கேட்கச் சொல்லவில்லையா என்றேன். அவள் கேட்க மாட்டாளாம். பதிவு நடக்கும் நாட்களில் பாடியதைக் கேட்டால் அடுத்ததும் அதே மாதிரி வந்துவிடும் என்பாளாம். எல்லாம் முடிந்தபின் மொத்தமாகக் கேட்பதுதான் அவள் வழக்கம்.

இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு சின்னப் பொய். கதைக்குக்கூடப் போதாது. ஆனால் அன்றும் மறுநாளும் அவள் மீதிப் பாட்டுகளைப் பாடினாள். அவை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. எல்லாமே கீழ்க்குரலில். நல்ல பாட்டுகள்தான், ஆனால் ஒன்றுகூட மேலே போகவில்லை.

"ஏன்க்கா எல்லாத்தையும் அடக்கியே பாடற?"

"மேல போனது போதும்டா. அதான் முதல் பாட்டுல இருக்கே. இதெல்லாம் அதுக்கப்பறம் வீட்டுக்குத் திரும்பி நடக்கறது."

அந்த ஆல்பம் முழுக்க, இல்லாத ஒன்றிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருக்கிறது.

6

வாசகர் அவரைக் கைவிடும் இடம் இதுதான். நானும் கைவிட்டேன். கேண்டீனிலேயே சற்றுக் காரமாகக் கேட்டேன்: அப்போதாவது சொல்லியிருக்கலாமே? குரல் இன்னும் இருந்ததே? திரும்பப் பாடியிருப்பாளே?

"பாடியிருப்பா. அதான் பயம்."

"என்ன பயம்?"

"அவ எதையும் ரெண்டாவது தடவ பாடினதில்ல சார். எனக்காக உக்காந்து முயற்சி பண்ணியிருப்பா. அது வந்திருக்காது. வரலன்னு தெரிஞ்சுக்கிட்டே ஆப்பரேஷன் டேபிள்ள போய்ப் படுத்திருப்பா. கடைசியா அவ தொண்டைலேருந்து வந்தது தோத்துப்போன ஒண்ணா இருக்கணுமா?"

(இந்தப் பதிலை அவர் உண்மையிலேயே சொன்னாரா, அல்லது அவரைக் காப்பாற்ற நான் எழுதினேனா? சொன்னார். ஆனால் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. நடுவில் ஒருமுறை, "எனக்கும் தைரியம் இல்ல," என்றார். அதை மேலே சேர்க்காமல் விட்டிருந்தேன். இங்கே சேர்க்கிறேன்.)

ஆப்பரேஷன் முடிந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மறுநாள் வார்டுக்கு மாற்றுவார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து அவள் சைகை காட்டியிருக்கிறாள். காதைத் தொட்டாள். ஒரு விரலை உயர்த்தினாள்.

முதல் பாட்டு.

7

அவர் கேட்டபடி, கேண்டீன் மேசையிலேயே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. சொல்லிவிடுகிறார். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கத்த வேண்டும் போலிருக்கிறது. கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும்—

நிறுத்திவிட்டேன்.

ஆ. டிஸ்க் போய்விட்டது என்கிறார். இந்த யோசனை அவருடையதே. "மெஷின் மேல பழியப் போட்டுடலாமா சார்? அது ஒண்ணும் சொல்லாது." எழுதினேன். சுலபமாக வந்தது. முதல் பாட்டு மட்டும் போய்விட்டது, மற்றவை பத்திரம். அவள் கண்ணை மூடித் திறக்கிறாள். பிறகு கையை நீட்டி அவர் முதுகைத் தட்டிக்கொடுக்கிறாள். பரவாயில்லை, உன் தப்பு இல்லை, என்பதுபோல.

அந்தத் தட்டலுக்குப் பிறகு என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அவரிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார். "தட்டிக்குடுப்பா. கண்டிப்பா தட்டிக்குடுப்பா. அது வேண்டாம்."

இ. அவளுக்கு அன்றே தெரியும். பாடும்போதே கருவியைப் பார்த்துவிட்டாள். தெரிந்தேதான் பாடினாள். யாரிடமும் தங்காமல் போக வேண்டும் என்றுதான் அப்படிப் பாடினாள்.

அழகான முடிவு. பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போட்டுவிடுவார்கள். அவருக்கும் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. இது அவருக்கும் எனக்கும் விடுதலை தரும் முடிவு. அவளைப் பற்றி இதில் எதுவுமே இல்லை.

"அவ பியானோ வாசிக்கும்போது கண்ண மூடிப்பா சார்," என்றார், கொஞ்சம் கழித்து. அவருக்கே அந்த முடிவு நிலைக்கவில்லை.

ஈ. இன்னொரு பாட்டை முதல் பாட்டு என்று போட்டுக் காட்டுவது.

"மயக்க மருந்துல ஞாபகம் குழம்பியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"குழம்பியிருக்குமா?"

"அவளுக்கா? குழந்தையா இருக்கறப்ப நான் அழுத சுருதி என்னன்னு இன்னிக்கும் வாசிச்சுக் காட்டுவா."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு டீயைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

8

மறுநாள் காலை அவரை அதே கேண்டீனில் பார்த்தேன். சட்டை மாற்றியிருந்தார். சவரம் செய்திருந்தார்.

"சொல்லுங்க சார். எதுன்னு முடிவு பண்ணீங்க?"

இன்னும் எழுதவில்லை என்றேன்.

"எழுத வேண்டாம். வாயால சொல்லுங்க போதும்."

என்னிடம் வாக்கியம் இல்லை. எழுத்து வேலையில் இப்படி நேர்வதுண்டு. வேறு பக்கம் எடுத்து வேறு கதை எழுதலாம். அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் வந்து, "பேஷன்ட்டோட தம்பி யாரு? மேல வாங்க," என்றாள். அவர் எழுந்தார். லேப்டாப்பை இடுக்கிக்கொண்டார். நான் எழுதும் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நீங்கள்லாம் எதுக்கு சார் இருக்கீங்க?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. லிப்ட் வரும்வரை அங்கே நின்றார். நான் பின்னால் போகவில்லை. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆல்பம் வெளிவந்ததா என்றுகூட நான் தேடிப் பார்க்கவில்லை.

தெரியாததால் அவரைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறேன். அவர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

அறை சின்னது. ஜன்னல் பக்கம் கட்டில். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் கட்டு, அதன் நடுவே குழாய். ஒவ்வொரு மூச்சுக்கும் அதிலிருந்து ஈரமான ஒரு சத்தம். உங்களைப் பார்த்ததும் கையை நீட்டுகிறாள். நீங்கள் பேச வாய் திறப்பதற்குள் உங்கள் கழுத்திலிருந்து ஹெட்போனை அவளே எடுத்துவிடுகிறாள். காதில் வைத்துக்கொள்கிறாள். மெலிந்த முகத்துக்கு அது பெரிதாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறாள்.

நீங்கள் எதையும் அழுத்தவில்லை. அழுத்த எதுவும் இல்லை.

அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். விரல்கள் போர்வையின் மேல், முதல் கட்டைக்குத் தயாராக. பாட்டு தொடங்குவதற்கு முன் இருக்கும் அமைதி இது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.