பதிவேட்டின் ஏழாவது வரி

எங்கள் லுத்தரன் சபையின் வரலாற்றில் முதல் வரி நான். இதை அகம்பாவமாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அகம்பாவமாகத்தான் சொல்கிறேன். சபை சொந்தமாகக் கட்டிய சின்ன ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த ஞாயிற்றுக்கிழமை, போதகர் முதன்முதலில் கையில் வாங்கி ஞானஸ்நானம் கொடுத்தது எனக்குத்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் என் எண் ஒன்று. அறுபது வருஷமாக எல்லோரும் என்னை 'முதல் பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன் வரிசையில் வலது ஓரம் என் இடம். தெரியாமல் யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் ஒரு பார்வை பார்ப்பேன், எழுந்துவிடுவார்கள்.

அந்த ஆலயம் வருவதற்கு முன் ஆறு மாதம் ஒரு காலி சிமெண்டுக் கிடங்கில்தான் ஆராதனை நடந்தது. பதினொரு குடும்பங்கள். மூட்டை அடுக்கும் பலகைகள்தான் பெஞ்சு. போதகரின் கறுப்பு அங்கி பிரசங்கம் முடிவதற்குள் சாம்பல் நிறமாகிவிடுமாம். பஸ் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவார்களாம்.

இப்போது அந்தச் சேற்றின்மேல் பதினான்கு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. பஸ் நிறுத்தத்துக்கே 'சர்ச் ஸ்டாப்' என்று பெயர். ஞாயிறு இரண்டு ஆராதனை வைத்தும் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களில் சிலர், வீடுகளோடு சேர்த்து பில்டரே ஆலயத்தையும் கட்டிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் ஆலய வாசலில் நின்று என்னிடமே கேட்டாள், "ஆன்ட்டி, ஜிம் எந்தப் பக்கம்?"

அன்றைக்கே முடிவு செய்தேன், சபை வரலாற்றை எழுதியே தீருவது என்று. பழைய ஆலயத்தின் பக்கத்திலேயே பெரிய ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. அறுபதாம் ஆண்டு விழாவில் அதைத் திறப்பது, திறக்கும் முன் வாசலில் வரலாற்றை வாசிப்பது, கதவைத் திறப்பது சபையின் முதல் பிள்ளை என்று சபைச் சங்கம் தீர்மானம் போட்டது. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் என்ன புடவை என்று மனதில் எடுத்தும் வைத்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் குறுக்கே பேசியவர் லிப்ட்காரர் மட்டும்தான். சுற்றியுள்ள எல்லாக் குடியிருப்புகளிலும் லிப்ட் பழுது பார்ப்பவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதில் அப்பாவின் வேலையோடு ஊர் ஊராகப் போய்விட்டு, லிப்ட் வைத்த கட்டடங்கள் இங்கே முளைத்த பிறகு திரும்பி வந்தவர்.

"ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க. வெயில்ல நிக்க வச்சு வரலாறு சொன்னா, ஜனம் அப்படியே பஸ் ஏறிடும்" என்றார்.

"நீங்க கடைசி வரிசைதானே, உங்களுக்கு எப்படியும் காதுல விழாது" என்றேன்.

முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். மூலத்தைப் பார்க்காமல் ஒரு தேதியையும் விட மாட்டேன். அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போதகரின் அறையில் உட்கார்ந்து பழைய பதிவேட்டை வரிவரியாகப் பார்த்தேன். முதல் வரியில் என் பெயர், பிரதிஷ்டை நாள். மனது குளிர்ந்தது. விரல் கீழே இறங்கி ஏழாவது வரியில் நின்றது.

ஏழாவது பிள்ளை பிறந்ததும் நான் பிறந்த அதே நாளில்தான். ஆனால் ஞானஸ்நானத் தேதி? பிரதிஷ்டைக்குப் பதினெட்டு நாள் முன்னால். எனக்கு முன்னால்! குறிப்புக் கட்டத்தில் பழைய போதகரின் பொடி எழுத்து: 'ஆபத்து வேளை. பிரசவ வார்டு. பிள்ளை பிழைத்து இரண்டு மாதத்துக்குப் பின் சபைமுன் கொண்டுவரப்பட்டது. கொடுத்த ஞானஸ்நானம் செல்லும்.' உயிர் போகும் நேரத்தில் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை முறை. பிள்ளை பிழைத்தால் மறுபடி கொடுப்பதில்லை. விசாரித்து, ஏற்று, எழுதிக்கொள்வார்கள். எழுதிய வரிசையில் ஏழு, தேதியில் ஒன்று.

பிள்ளையின் பெயர் லிப்ட்காரருடையது. 'கொடுத்தவர்' கட்டத்தைப் பார்த்தேன். அதில் என் அம்மாவின் பெயர் இருந்தது.

போதகர் எட்டிப் பார்த்தார். என் தம்பி வயதுதான், நல்ல மனுஷன், யாரையும் நோகடிக்கத் தெரியாது. "அக்கா, ஆலயத்துக்குள்ள நீங்கதானே முதல்? அப்படியே எழுதிடுங்க. அதுவும் உண்மைதான்."

ஆசையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதில் செதுக்கிக்கொண்டே வந்தேன். 'ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற முதல் பிள்ளை.' ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

அம்மா சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். எண்பத்திரண்டு வயது. காது மந்தம், வாய் மந்தமில்லை.

"லிப்ட்காரருக்கு ஞானஸ்நானம் குடுத்தது நீயா?"

"ஆமா."

"ஆமாவா? அறுபது வருஷமா ஏம்மா சொல்லல?"

"போதகர் சபைக்கு முன்னால கேட்டார், சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கலையே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அம்மா கை நிற்காமல் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் கிடங்குச் சபைப் பெண் ஒருத்தி நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடிவிட்டாள். பிள்ளையின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றாராம். அம்மா நான் பிறந்து ஒரு நாள்கூட ஆகாத உடம்போடு எழுந்து, தான் குடித்து மீந்த டம்ளர் தண்ணீரை எடுத்திருக்கிறாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"யாரோ நர்ஸ்னு நெனச்சிட்டிருப்பான். சபைக்கு முன்னால கேட்ட அன்னிக்கு அவன் அப்பன் வேலைக்கு வெளியூர் போயிருந்தான். பெத்தவ சீக்கிரமே போய்ட்டா, யார் சொல்லுவா? திரும்பி வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பனோட அதே காது."

"அப்ப போய்ச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு? நான்தான் உன்னைக் காப்பாத்தினேன்னா? தண்ணி ஊத்தினதுதான் நான். காப்பாத்தினது நானா?"

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அறுபது வயதில் இப்படிக் கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டேன். "நானும் அங்கதானே கெடந்தேன்? எனக்கு முதல்ல ஊத்தணும்னு உனக்குத் தோணலையா?"

அம்மா பீன்ஸைக் கீழே வைத்தாள்.

"நீ தொண்டை கிழியக் கத்திக்கிட்டு நல்லா இருந்தே. அவன் நீலமாக் கெடந்தான். யாருக்குடி முதல்ல ஊத்துவாங்க?"

பிறகு, "முதல் பிள்ளைன்னு உன்னை நான் ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கேனா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட இல்லை. அழுகை வந்தது. அழுதேன். அம்மா பாட்டுக்குப் பீன்ஸை எடுத்துக்கொண்டாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். என் பெயரை அடித்துத் திருத்துவது ஒன்றும் சுலபமில்லை. ஆனால் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன், அதில் எனக்குப் பெருமைதான்.

விழா நாளில் புது ஆலயத்தின் வாசலில் எழுநூறு பேர் நின்றார்கள். அம்மாவை முன்னால் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். நான் எடுத்து வைத்த புடவையையே கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று வாசித்தேன். கிடங்கு, பலகைகள், பதினொரு குடும்பங்கள். பிறகு, "இந்தச் சபையின் முதல் ஞானஸ்நானம் ஆலயத்தில் நடக்கவில்லை. ஒரு பிரசவ வார்டில், என் அம்மாவின் கையால், ஒரு டம்ளர் தண்ணீரில் நடந்தது" என்று வாசித்து, பிள்ளையின் பெயரைச் சொன்னேன்.

எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். லிப்ட்காரர் காம்பவுண்டுச் சுவரோரம், கையில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் கதவுச் சாவியை நீட்டினேன். அவர் அசையவில்லை.

"வேண்டாங்க. அது உங்க இடம். நான் இப்படியே பின்னால வரேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா நாற்காலியில் இருந்து சத்தம் போட்டாள். "டேய், வாடா இங்க!"

அறுபது வருஷத்தில் அம்மா ஆலய வளாகத்தில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. லிப்ட்காரர் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கூட்டம் வழி விட்டது. வந்து அம்மாவின் முன்னால் மண்டியிட்டார். மண்டியிட்டும் அம்மாவின் உயரம் இருந்தார்.

அம்மா அவர் தலையில் கை வைத்தாள். "சிஸ்டர்னுதான் அப்பா சொன்னாரு" என்றார் அவர். "ஆஸ்பத்திரி வாசல்ல எத்தனையோ தரம் நின்னிருக்கேன். யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல."

"யாருக்குச் சொல்லணுமோ அவருக்கு உள்ள போய்ச் சொல்லு" என்றாள் அம்மா. "மொதல்ல கதவைத் தெற."

நான் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். புதுப் பூட்டு, கொஞ்சம் முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்தார். நான் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பி, அவர் பக்கத்தில் சேர்த்தேன். இருவரும் முதலில் உள்ளே போனார்கள். நான் அடுத்ததாகப் போனேன். எனக்குப் பின்னால் எழுநூறு பேரும் வந்தார்கள்.