தொட்டி காட்டிக்கொடுத்தது

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும் இடிந்துபோய் உட்கார்ந்தோம். புது மருந்து ஒன்றை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். நாலாவது தடவைக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. டாக்டரம்மா அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"நம்ம உடம்போட காவல் அணுக்களுக்கு இந்த நோய் பிரேக் போட்டு வச்சிருக்கு. மருந்து அந்த பிரேக்கை எடுத்துவிடுது. ஆனா பிரேக் இல்லாத வண்டி வேற எங்கயாவது போய் மோதும். குடல்ல மோதலாம், தோல்ல மோதலாம். அதனால உடம்பு எப்படி இருக்குன்னு தினமும் போன்ல எங்க ஆஸ்பத்திரி ஆப்ல பதிவு பண்ணணும்."

"பிரேக் பத்தி எனக்கே பாடமா?" என்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

காலையில் போன் கேட்கும், நேற்று எத்தனை முறை வயிறு போனது என்று. இவர் ஒன்று என்று தட்டிவிடுவார்.

ஏழாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு, இரண்டு நாளைக்கு வரும் தொட்டி ஒரே நாளில் காலியாக ஆரம்பித்தது. பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் குழாய்களையெல்லாம் பார்த்துவிட்டு, "எங்கயும் ஒழுகலைம்மா" என்றார். அந்த நேரம் பார்த்து கழிவறைக்குள் தண்ணீர் இரைந்தது. காலையிலிருந்து அது நாலாவது தடவை. எனக்கு விளங்கிவிட்டது.

பிளம்பரை அனுப்பிவிட்டுக் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர் வெளியே வந்ததும் கேட்டேன்.

"நேத்து எத்தனை தடவை?"

"ஒண்ணு."

"தொட்டி வேற கணக்கு சொல்லுதுங்க."

தலையைக் குனிந்துகொண்டார். "எட்டு. சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. கட்டி கரைஞ்சிட்டு இருக்கு. நீ பேசாம இரு."

பேசாமல் இருக்கிற ஜாதியா நான்? அவர் கண் முன்னாலேயே ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டேன்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டீராய்டு கொடுத்துக் குடல் வீக்கத்தை அடக்கினார்கள். இனி அந்த மருந்து வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டார்கள். நிறுத்தினாலும் சிலருக்குப் பலன் நீடிக்கும் என்று டாக்டரம்மா சொன்னது எங்கள் இருவர் காதிலும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் சரி, வேண்டாம், போதும், அவ்வளவுதான். கோபம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். உள்ளுக்குள் ஒரே பயம். நோய் திரும்பி வந்தால் அதற்கு நான் போட்ட போன்தானே காரணம்?

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இன்னும் சுருங்கியிருக்கு. மருந்து இல்லாமலே காவல் அணுக்கள் வேலையைப் பார்க்குது. விடாம கவனிச்சிட்டு இருப்போம்."

பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"உன்மேல கோபம்னு நினைச்சியா?"

"பின்ன?"

"திரும்ப வந்துட்டா, உன்னாலதான்னு வாய் தவறிச் சொல்லிடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் பேச்சையே குறைச்சுக்கிட்டேன்."

நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றாமல் அழுதேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததுமே டிரைவர் பிரேக் போடுகிற லட்சணத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தவர், வீடு வரும்வரை ஓயவில்லை. நானும் ஓயச் சொல்லவில்லை.