மூட்டையோடு போன சீட்டு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஊமைச்சி என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். புருஷன் லாரி மோதிச் செத்த பிறகு இவள் நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்த நாத்தனார் அந்த நாலு மாதமும் வாயை மூடவில்லை. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே ஷிப்ட், ஒரே பஸ்.

ஊமைச்சிக்குத் துணி உலர்த்தும் கொல்லையில் வேலை. காய்ந்த விரிப்புகளை மடித்து மூட்டை கட்டி, எந்த வார்டு, எத்தனை உருப்படி என்று சீட்டெழுதி ஊக்கால் குத்த வேண்டும். கொல்லைக்குப் பின்னால் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் கோரை மண்டிய ஓடை. அங்கே ஒரு வாலாட்டிக் குருவி, ஏதோ பெரிய அதிகாரி மாதிரி தினமும் நடைபோடும். ஐந்தாம் மாதம் அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயந்துபோய் ஈர விரிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு சீட்டின் பின்புறம் நாலு வரி எழுதினாள். அப்புறம் தினமும் எழுதினாள். சாப்பாடு தொண்டையில் இறங்கியது. தூக்கம் வந்தது.

ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில், பின்புறம் நாலு வரி எழுதி வைத்திருந்த சீட்டைத் திருப்பிப் பார்க்காமல், முன்பக்கம் வார்டு எண்ணைப் போட்டு, குழந்தைகள் வார்டு மூட்டையில் குத்தி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் டீ நேரத்தில் சூப்பர்வைசர் விசில் ஊதினான். அவனுக்குப் பெயரே விசில்தான். எல்லாரும் கூடியதும் சீட்டை உயர்த்திப் பிடித்து, மூக்கால் ராகம் இழுத்துப் படித்தான்.

"ஓடை ஓரமா நடக்குது வாலாட்டி.
எப்படி இருக்கேன்னு
யாரும் அதுகிட்ட கேக்கல.
அதனால நல்லா இருக்கு."

கூடமே கொல்லென்று சிரித்தது.

"சிரிக்காதீங்க" என்று அதட்டினான் விசில். "அந்த வார்டுல பெத்த புள்ளை பொழைக்குமான்னு உக்காந்திருக்கா ஒருத்தி. இதப் படிச்சிட்டு யாரோ நக்கல் பண்றாங்கன்னு நர்ஸ்கிட்ட கத்தியிருக்கா. யாரு எழுதுனது?"

"வேற யாரு? எங்க வீட்டு மகாராணிதான்" என்றாள் நாத்தனார். "ஏண்டி, எப்படி இருக்கேன்னு நான் கேக்குறது உனக்கு அவ்வளவு குத்துதா? இதுல என் தம்பி எங்கடி? குருவி இருக்கு, ஓடை இருக்கு, அவன் எங்க?"

"நாளையிலேருந்து இஸ்திரி அறைக்குப் போ" என்றான் விசில். இஸ்திரி அறைக்கு ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஆவிதான்.

"சார், வேற என்ன தண்டனை வேணா குடுங்க சார்!"

"அட, ஊமைச்சி பேசிட்டாடீ!" என்று யாரோ கைதட்டினார்கள்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னா விசில் கேப்பான். என் தம்பியப் பத்தி ஒண்ணு எழுது. படிக்கிறவ நெஞ்சு வெடிச்சு அழணும். அத நான் கூடத்துல ஒட்டுறேன். கொல்லை வேலை உனக்குத்தான்."

அன்றிரவு ஊமைச்சி சமையலறையில் உட்கார்ந்து எழுதினாள். 'என் உயிரே' என்று தொடங்கி அடித்தாள். 'என் தெய்வமே' என்று தொடங்கியபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. பொய்யாக ஒன்று எழுதிக் கொடுத்தால் கொல்லை கிடைக்கும். ஆனால் பொய் எழுதின கையால் அங்கே போய் என்ன எழுதுவது? கடைசியில் ஒன்று எழுதி நீட்டினாள்.

"நீ இருந்தப்போ
ஓடையப் பாக்க நேரமில்ல.
இப்ப நேரம் இருக்கு.
உங்கிட்ட சொல்லத்தான் முடியல."

நாத்தனார் இரண்டு தடவை படித்தாள். "அழுகை எங்கடி?"

"அழுது தீந்துபோச்சு அண்ணி."

"அவன் செத்தது உனக்கு வசதியாப் போச்சுன்னு எழுதியிருக்க." காகிதத்தை நாலாகக் கிழித்து எச்சில் தட்டில் போட்டாள். "அந்த அறையிலயே வெந்து சாவு."

காலையில் ஊமைச்சி பஸ் ஏறவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி ஓடைக்கரையோடு நடந்தாள். வழியில் ஒரு தண்ணிப்பாம்பு தவளையை விழுங்கிக்கொண்டிருந்தது. தலை உள்ளே போய்விட்டது. கால் மட்டும் வெளியே உதைத்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பாலத்தின் மேல் அவர்களுடைய பஸ் போனது. உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்கள். அவள் நிமிரவில்லை.

கால் உள்ளே போகிற வரைக்கும் பார்த்துவிட்டு, மனசுக்குள் வந்துவிட்ட முதல் வரியை முணுமுணுத்துக்கொண்டே இஸ்திரி அறைக்கு ஓடினாள்.