கணக்கில் வராத ஞாயிறு

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால், ஈஸ்டர் வரை அத்தான் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். என் அக்காவைக் கட்டிய பதினான்கு வருடத்தில் ஒரு தவக்காலம்கூடத் தவறியதில்லை. ஈஸ்டர் பூசை முடிந்தபின் ஒரு மணி நேரம் தாங்கமாட்டார், அதுவும் தவறியதில்லை. போன ஈஸ்டரில் அடுப்பில் கொதித்த வெந்நீர்ப் பானையைத் தட்டிவிட்டார். அக்காவின் வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. அந்தக் கையோடுதான் பத்தாம் நாள் மறுபடி கலவைச் சட்டி தூக்கினாள்.

இந்த வருடம், அவர் நெற்றியில் சாம்பல் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"நாப்பது நாள் நீங்க யோக்கியர்னு ஊருக்கே தெரியும். ஈஸ்டர் அன்னைக்குக் குடிச்சீங்கன்னா, மறுநாள் நானும் பொண்ணும் வீட்டுல இருக்கமாட்டோம்."

அக்கா எதையும் இரண்டு முறை சொல்கிறவள் அல்ல.

கட்டட வேலையில் அத்தான் சென்ட்ரிங் அடிப்பார், காங்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கிற வேலை. அவர் அடித்த பலகைமேல் நான் கம்பி கட்டுவேன். எனக்கு ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நாற்பது நாள் நிற்கிற ஆளுக்கு அதற்கடுத்த நாள் மட்டும் ஏன் கால் இடறுகிறது? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் பலகையைத் தாங்கும் முட்டுக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். "அக்கரை கண்ணுக்குத் தெரிஞ்சா நீந்திடலாம் மச்சான். கரையே இல்லைன்னா எவன் குதிப்பான்?"

"குடிகாரன் தத்துவம் கேக்க நல்லாத்தான் இருக்கு."

"நீ மட்டும் என்ன, பால் குடிக்கிற குழந்தையா?"

அவர் குடியை விட்ட நாளிலும் நான் விட்டதில்லை.

குளிர் குறைந்துகொண்டே வந்தது. காங்கிரீட் சீக்கிரம் இறுகியது. கட்டடத்துக்குப் பின்னால் மொட்டையாக நின்ற மரங்கள் துளிர் விட்டன. ஒரு சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருக்க முடியாமல், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை காலண்டரில் எண்ணினேன். நாற்பது வரவில்லை. நாற்பத்தாறு வந்தது. திரும்ப எண்ணினேன், அதே நாற்பத்தாறு.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் சாமியாரை மடக்கினேன். "ஃபாதர், ஆறு நாள் கூடுதலா வருதே, யார் கணக்குல தப்பு?"

அவர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை அந்த நாப்பதுல சேராதுப்பா. ஆண்டவர் உயிர்த்த நாளாச்சே. எல்லா ஞாயிறும் ஒரு சின்ன ஈஸ்டர்தான். அன்னைக்கு நோன்பு கிடையாது."

அக்காவிடம் வந்து சொன்னேன்.

"வாயை மூடு," என்றாள். "இது தெரிஞ்சா வர்ற ஞாயிறே குப்புற விழுந்து கிடப்பாரு."

சரிதான் என்று மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளே அரித்தது. போன ஞாயிறுகளில் அவர் குடிக்கவில்லையே. யாரும் கேட்காத அந்த நாட்களில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்?

ஈஸ்டர் வந்தது. காலிக் கல்லறையைப் பற்றி வாசித்தார்கள். மணி அடித்தார்கள். அக்கா மகள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். பூசை முடிந்ததும் அத்தான் அவள் கையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, "கடைவீதி வரைக்கும் போயிட்டு வர்றேன்," என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஓடிப்போய் அவரைப் பிடித்தேன்.

"நீயும் வர்றியா? வா, வா."

"அத்தான், ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கிழமைக்கு நோன்பே கிடையாதாம். அது ஒவ்வொண்ணும் சின்ன ஈஸ்டராம். ஃபாதர் சொன்னாரு."

நின்றுவிட்டார். "அப்போ ஆறு ஞாயிறு சும்மாவே காஞ்சு கிடந்தேனா? பாவி, முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா குடிச்சிருப்பீங்க."

"குடிச்சிருப்பேன்தான்."

"குடிக்கலையே. கோயிலும் கேக்கலை, அக்காவும் கேக்கலை. ஆறு ஈஸ்டரைத் தாண்டிட்டீங்க அத்தான். இது ஏழாவது."

"தெரியாமத் தாண்டினதெல்லாம் சேத்தியா?"

"தெரியாமத் தாண்டினாலும் கால் உங்க கால்தானே?"

எதிரே மதுக்கடை ஷட்டரை அப்போதுதான் தூக்கினார்கள். எங்களோடு கட்டடத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் கையாட்டிக் கூப்பிட்டார்கள். அத்தான் அவர்கள் பக்கம் ஒரு எட்டு வைத்து நின்றார். பொய் சொல்வானேன், எனக்கும் நாக்கு வறண்டது.

"கடை எத்தனை மணிக்கு மூடுவான்?" என்று கேட்டார்.

"பத்துக்கு."

"அதுவரைக்கும் என்கூடவே இருப்பியா மச்சான்? எங்கயும் போகாம?"

"இருக்கேன்."

என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். அப்போது மணி பகல் பன்னிரண்டு.